காது டாக்டர் வீட்டு வண்டு

அவர் டாக்டர் இல்லை. காது மெஷின் விற்கும் கடையில், வருகிறவர்களின் காதுக்கு அளவெடுத்து மெஷினைப் பொருத்திக் கொடுப்பது அவர் வேலை. கடை முதலாளி கெத்தாக இருக்கட்டும் என்று ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டார். கோட்டைப் பார்த்தவர்கள் 'டாக்டர்' என்று கூப்பிட்டார்கள். முதல் வாரம் "ஐயோ, நான் டாக்டர் இல்லீங்க" என்று மறுத்துப் பார்த்தார். இன்னும் மெஷின் மாட்டாத காதுகளில் அது ஏறவில்லை. இரண்டாவது வாரம் மறுப்பதை விட்டார். மூன்றாவது வாரம் யாராவது வெறும் 'சார்' என்றால் முகம் லேசாகச் சுருங்க ஆரம்பித்தது. காது டாக்டர் என்ற பெயர் அவருக்கு இப்படித்தான் நிலைத்தது.

தன் காதின் மேல் அவருக்கு அபார நம்பிக்கை. மாடி வீட்டில் நாற்காலியை இழுத்தால், எந்த நாற்காலி, அதில் எந்தக் கால் ஆடுகிறது என்று கீழே இருந்தே சொல்லுவார். சரிபார்க்க யாரும் மாடி ஏறியதில்லை என்பதால் அவர் கணிப்பு ஒருமுறைகூடத் தப்பியதில்லை. கிடாருக்குச் சுருதி சேர்ப்பதும் காதாலேயேதான். செல்போனிலேயே அதற்கு மீட்டர் வந்துவிட்ட இந்தக் காலத்திலும், "மீட்டர் பார்த்துச் சுருதி சேர்க்கிறவன் டாக்ஸி ஓட்டப் போகலாம்" என்பது அவர் கொள்கை.

கிடார் கல்லூரி நாட்களில் பழகியது. கல்யாணம் ஆனதும் அலமாரியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாற்பதைத் தாண்டியதும் இறங்கி வந்தது. அந்த வயதில் மற்றவர்களுக்குச் சர்க்கரை வரும், இவருக்குக் கிடார் வந்தது. வந்த வியாதி சும்மா இருக்குமா? பெடல்கள் முளைத்தன. பெடல் என்றால் காலால் மிதிக்கும் சின்னச் சின்னத் தகரப் பெட்டிகள். ஒன்று சத்தத்தைக் கரகரப்பாக்கும், ஒன்று ஊஞ்சலில் வைத்து ஆட்டும், இன்னொன்று கிணற்றுக்குள் கத்தினாற்போல் திருப்பித் திருப்பிச் சொல்லும். எல்லாம் கடை முகவரிக்குத்தான் பார்சலில் வரும். மனைவிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் உள்ள தனி பிரேக்கின் மேல் பாதம் வைத்துக்கொண்டே ஊரைச் சுற்றுபவர். ஆக அந்த வீட்டில் இரண்டு பேர் காலடியிலும் பெடல் உண்டு. ஒருவருடையது சத்தம் கிளப்பும், மற்றவருடையது வண்டியை நிறுத்தும்.

அப்புறம்தான் இரண்டாவது ஆம்ப் வந்தது. கிடார் சத்தத்தை வெளியே விடும் ஸ்பீக்கர் பெட்டிக்குத்தான் ஆம்ப் என்று பெயர். ஒரு பெட்டியில் வாசித்தால் சத்தம் ஒரே இடத்தில் நிற்குமாம். இரண்டு பெட்டிகளை இடதும் வலதுமாக வைத்து, கடைசிப் பெடலிலிருந்து ஆளுக்கொரு வயர் கொடுத்தால் சத்தம் அறையின் குறுக்கே நடந்து போகுமாம். விருந்தாளிகளுக்கென்று இருந்த அறையை அதற்கு ஒழித்தார். விருந்தாளிகள் வருவதும் தானாகவே நின்றது.

இரண்டாவது பெட்டி வந்த வாரத்திலேயே குழுவும் கூடிவிட்டது. மனைவியின் தம்பி அடிக்குரலில் முழங்கும் பேஸ் கிடார் வாசிப்பான். பிழைப்புக்கு ஏ.சி. மெக்கானிக், எல்லாரும் மெக்கானிக் என்றே கூப்பிடுவார்கள். பாடுவது டாக்டரின் தங்கை. ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலை. ரயில் வராது என்பதைக்கூட, வந்துவிட்டதைப் போல இனிமையாகச் சொல்லுவாள். அவள் பாட்டில் ஒரு விசேஷம் உண்டு. முதல் பாட்டை எந்த வாத்தியமும் இல்லாமல் வெறும் குரலில், நீளமாக, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பிப்பாள். அதன் முடிவில் கிடார் வந்து சேரும்போது நூல் பிடித்தாற்போல் சுருதி பொருந்தும். அண்ணனே அசந்துபோவார்.

"எப்படிம்மா சொல்லி வச்ச மாதிரி வந்து நிக்கற?"

"அதெல்லாம் பிறவியிலேயே வரணும்ணா. கடையில வாங்க முடியாது."

ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் அவர்களுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிடைத்தது. ஒரு பெரிய பூந்தொட்டியை நகர்த்தி அந்த மூலையைக் கொடுத்திருந்தார்கள். கூடத்தின் பழைய ஏ.சி., லாரி மேடேறுவதுபோல் உறுமும். சாப்பிடுகிறவர்கள் உப்பு வேண்டும் என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்லுவார்கள். பாட்டு யாருக்கும் கேட்கவில்லை, அதனால் யாரும் குறையும் சொல்லவில்லை. டாக்டரின் கலை வாழ்க்கையில் அது பொற்காலம்.

பொற்காலத்துக்கு முடிவு கட்டியவன் மெக்கானிக். அந்த ஹோட்டலுக்குப் புது ஏ.சி. மாட்டும் வேலையைப் பிடித்ததே அவன்தான். பூனை நடப்பதுபோல் ஓடும் ஏ.சி. பெருமையோடு மாட்டினான். அந்த வெள்ளிக்கிழமைதான் கூடத்தில் முதல் தடவையாக ஸ்பூன் தட்டில் படும் ஓசை கேட்டது. அதோடு மேடை மூலையிலிருந்து 'ம்ம்ம்ம்' என்று ஓர் ஓசையும் கேட்டது. அதன் மேலே மெல்லிசாக 'ஈஈஈ'.

சூப் குடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா சர்வரைக் கூப்பிட்டு ஃபிரிட்ஜ் கெட்டுவிட்டது என்றார். சர்வர் சமையல்கட்டுக்குப் போய் எல்லா ஃபிரிட்ஜையும் தட்டிப் பார்த்துவிட்டு வந்தான். கடைசியில் மேனேஜரே வந்தார். ஒல்லியான மனிதர், காலர் பட்டனைக் கழுத்து நெரிய மாட்டியிருப்பார். குனிந்து ஒவ்வொரு ஆம்பிலும் காதை வைத்தார். நிமிர்ந்தார்.

"சார், நீங்க மூணு பேர்னு சொன்னீங்க. நாலாவதா ஒரு வண்டு பாடுதே."

"அது எலக்ட்ரிக் இசையில கொஞ்சம் இருக்கத்தான் சார் செய்யும்."

"இருக்கட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை வண்டு வந்தா, நீங்க வர வேணாம். சாக்ஸபோன்காரர் ஒருத்தர் தினம் போன் பண்ணிட்டே இருக்கார். ஒத்த ஆளு. பெட்டியும் கிடையாது, வயரும் கிடையாது. வாய்க்காத்துதான்."

டாக்டர் முகம் செத்துப்போயிற்று. வாரம் முழுக்க அடுத்தவர்களைக் கேட்கவைப்பது அவர் தொழில். அவரை நாலு பேர் கேட்பது வெள்ளிக்கிழமை மட்டும்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் விசாரணை நடந்தது. மனைவி ஓட்டினார்.

"ரெண்டாவது பெட்டியத் தூக்கிப் போட்டுடுண்ணா. சனியன் விட்டுச்சுன்னு இருக்கும்" என்றாள் தங்கை.

"பெட்டிமேல கை வச்ச, மைக்குமேல கை வைப்பேன்."

"எல்லாத்துக்கும் காரணம் யாரு தெரியுமா?" என்று டாக்டர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "சத்தமில்லாத ஏ.சி.யக் கொண்டுவந்து மாட்டினான் பாரு, இவன்தான்."

"மாமா, சத்தம் போடுற ஏ.சி. மாட்டினா எனக்கு யாரு வேலை குடுப்பா?"

"குடும்பத்தப் பத்தி யோசிச்சிருந்தா மாட்டியிருப்ப."

சனிக்கிழமை காலையிலேயே டாக்டர் விருந்தாளி அறையில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு நோயாளியைச் சோதிப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கழற்றினார். கிடாரைப் பிடுங்கினார், வண்டு நிற்கவில்லை. கரகரப்புப் பெடலைக் கழற்றினார், வண்டு போகவில்லை. வயர்களை மாற்றினார். டியூப் லைட்டை அணைத்தார். செல்போனைத் தூக்கிக் குளியலறையில் வைத்தார். சந்தேகத்தின் பேரில் சுவர்க் கடிகாரத்தைக்கூட இறக்கிவைத்தார்.

மதியத்துக்குள் கொசு மட்டும் பிடிபட்டது. 'ஈஈஈ' என்ற அந்த மெல்லிய சத்தம் கிணற்றுப் பெடலிலிருந்து வந்தது. எல்லாப் பெடலுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து கரண்ட் பிரித்துக் கொடுத்திருந்தார். உள்ளே கம்ப்யூட்டர் மூளை வைத்த அந்தப் பெடல், தன் சிணுங்கலைக் கரண்ட் வயர் வழியாக மற்றதுகளுக்கும் ஊட்டிவிட்டிருந்தது. அதற்குத் தனி அடாப்டர் கொடுத்ததும் கப்சிப்.

வண்டு இருந்தது. இடது பெட்டியை மட்டும் ஓடவிட்டால் சத்தமே இல்லை. வலதை மட்டும் ஓடவிட்டாலும் இல்லை. இரண்டையும் சேர்த்து மாட்டினால் 'ம்ம்ம்ம்'.

"தனித்தனியா ரெண்டும் தங்கம்" என்று அறிவித்தார் டாக்டர். "ஒரே வீட்ல வச்சாத்தான் உறுமுது. நாத்தனாரும் அண்ணியும் மாதிரி."

கதவருகே மனைவியும் தங்கையும் ஒன்றாகத்தான் நின்றிருந்தார்கள் என்பதை அவர் கவனிக்கவில்லை. அன்று மதியச் சாப்பாடு தாமதமாக வந்ததற்கு வேறு காரணம் எதுவும் சொல்லப்படவில்லை.

ஆனால் நோயின் பெயர் அகப்பட்டுவிட்டது. ஒவ்வொரு ஆம்பின் பிளக்கிலும் எர்த் உண்டு. கரண்ட் கசிந்தால் ஆளைத் தொடாமல் பூமிக்கு ஓட அது ஒரு வழி. இரண்டு ஆம்பையும் பெடல் வயரால் இணைத்ததும் எர்த்துக்கு இரண்டு வழி ஆகி, சுவரிலிருந்து ஒரு வழியாக ஏறி மறு வழியாக இறங்கும் ஒரு வட்டம் உருவாகிவிட்டது. அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பாடுவதுதான் வண்டு.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான்.

"வட்டம்தானே மாமா பிரச்சினை? வெட்டிவிட்டாப் போச்சு."

வலது ஆம்பின் பிளக்கைத் திறந்து பச்சை வயரைக் கழற்றினான். மாட்டினான். வண்டு செத்தது. அறையில் அப்படி ஒரு அமைதி. டாக்டர் மைத்துனனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த உற்சாகத்தில், வலது பெட்டி தனியாக எப்படிப் பேசுகிறது பார்ப்போம் என்று இடது பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு, கிடாரை வலது பெட்டியில் மட்டும் நேராகச் செருகினார். கம்பிகளில் கை வைத்தபடியே மைக்கின் பக்கம் குனிந்து, "ஹலோ, மைக் டெஸ்…" என்றார்.

'டிங்' என்பதை மைக் சொல்லவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. மீசை மைக்கில் பட்ட இடத்தில் பளிச்சென்று ஒரு பொறி. பூமிக்குப் போகும் வழி அடைபட்ட கரண்ட், டாக்டர் வழியாக மைக்குக்குப் போய்விட்டது. டாக்டர் ஒரு தாவலில் கட்டிலில் இருந்தார். கிடார் தரையில் கிடந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மனைவி ஓடி வந்தார். நாடி பார்த்தார். உயிர் இருப்பது உறுதியானதும் திட்ட ஆரம்பித்தார்.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"ஒண்ணுமில்லக்கா. எர்த்த மட்டும்தான் எடுத்தேன். சத்தம் போயிடுச்சு பாரு."

"பிரேக் கிறீச்சுனு கத்துதுன்னு பிரேக்கையே கழட்டி எறிஞ்சிட்டு, வண்டி என்ன அமைதியா ஓடுது பாருங்கன்னு என் ஸ்டூடண்ட் ஒருத்தன் சொன்னா, அவனை நான் என்ன செய்வேன் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அப்ப மாட்டு அந்த வயர."

மாட்டினான். பூமியோடு உறவு மறுபடி ஏற்பட்டது. வண்டும் திரும்பி வந்தது. டாக்டர் மீசையைத் தடவிக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் மிச்சம்.

மறுநாள் ஆம்ப் ரிப்பேர் கடையில் விசாரித்து, ஒரு சின்னத் தகரப் பெட்டி வாங்கி வந்தார். உள்ளே ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் மட்டும். பெடலுக்கும் வலது ஆம்புக்கும் நடுவே வைத்தால், கிடார் சத்தத்தை மட்டும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கடத்தும், இரண்டு பக்கத்து எர்த்தையும் ஒன்றையொன்று தொடவிடாது. பிளக்கில் எர்த் அதன் இடத்தில் பத்திரமாக இருக்கும், வட்டம் மட்டும் அறுந்துவிடும். மாட்டினார். சுவிட்சைப் போட்டார். காத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஆம்ப் ஓடுகிறதா என்று விளக்கைக் குனிந்து பார்க்கும் அளவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேனேஜருக்குப் போன் போட்டு, "சார், வண்டு காலி" என்றார்.

அதற்கடுத்த நாள் ஒத்திகை. தங்கை கண்ணை மூடினாள். வாயைத் திறந்தாள். நீளமாகப் பாடி முடித்து நிறுத்தினாள். டாக்டர் கிடாரோடு உள்ளே நுழைந்தார். இரண்டு வண்டி எதிரெதிரே மோதினாற்போல் இருந்தது.

"சுருதி சேர்க்கலியாண்ணா?"

"இப்பதான் சேர்த்தேன். நீ எங்கேயோ போயிட்ட."

"நானா? நான் போவேனா?"

மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை வேறோர் இடத்தில் மோதிற்று. மூன்றாம் தடவை இன்னோர் இடம். மெக்கானிக் பேஸைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கார் சாவியைத் தேடி வந்த மனைவி ஒரு நிமிடம் நின்று கேட்டார். "போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே பாடிட்டிருந்த? அந்த 'ம்ம்ம்' சத்தம் இருந்தப்ப."

டாக்டர் திடுக்கிட்டார். மெதுவாகப் போய்த் தகரப் பெட்டியைக் கழற்றி, வயரை நேராக மாட்டினார். வண்டு வந்தது. "இப்ப பாடு" என்றார். பாடினாள். நூல் பிடித்தாற்போல் வந்து நின்றது. தகரப் பெட்டியை மாட்டினார். வண்டு போயிற்று. பாடினாள். ஊரைவிட்டே போய்விட்டது.

இரண்டு பெட்டிக்கும் நடுவே நின்று இத்தனை மாதம் பாடியவள், தனக்கே தெரியாமல் வண்டின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள்.

"பிறவியிலேயே வந்தது, பிளக்குலேர்ந்து வந்திருக்கு" என்றான் மெக்கானிக்.

தங்கையின் கண்கள் சிவந்தன. அழப்போகிறாளோ என்று பார்த்தால் திரும்பி அண்ணனைப் பிடித்தாள். "சரி, நான் வண்ட வச்சுப் பாடினேன். நீ எத வச்சுச் சுருதி சேர்த்த?"

"என் காத வச்சு."

"அப்படியா? டேய் மெக்கானிக், போன வாரம் ஹோட்டல்ல எடுத்தியே ரெக்கார்டிங், அதப் போட்டு மீட்டர்ல காட்டு."

மெக்கானிக்குக் கொண்டாட்டம். ஒரு போனில் பாட்டை ஓடவிட்டு, இன்னொரு போனில் மீட்டரைத் திறந்தான். கிடார், பேஸ், குரல் மூன்றும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தி, உலகத்தில் வேறு எந்த வாத்தியத்தோடும் பொருந்தாமல், ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுச்சந்தியில் நின்றன. வண்டு நின்ற அதே இடம். பேஸ்காரன் தன் கம்பிகளை மாமாவின் கிடாரைப் பார்த்துத்தான் முறுக்குவான். மாமா வண்டைப் பார்த்து முறுக்கியிருக்கிறார்.

"ஆக மொத்தம் இத்தனை நாளா நமக்குச் சுருதி குடுத்தது மின்சார ஆபீஸ்" என்று முடித்தார் மனைவி. சாவி அகப்பட்டது. போய்விட்டார்.

பிறகு வழிகளை யோசித்தார்கள். ஆரம்பத்தில் கிடாரில் ஒரு ஸ்வரம் தட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். ஆனால் நீளமான ஆலாபனை, முடிவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிவிட்டாள். செல்போனில் ஒரே ஸ்வரத்தை ஓடவிட்டு இயர்போனை மாட்டிவிட்டார்கள். நன்றாகத்தான் போயிற்று. நடுவில் ரயில் நிலையத்திலிருந்து அழைப்பு வந்து, பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு "சொல்லுங்க சார்" என்றாள். ஆரம்பத்தை மாற்றி எல்லாருமாகச் சேர்ந்தே வாசிக்கலாம் என்று டாக்டர் வாயெடுத்தபோது அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். அந்த ஆரம்பம்தான் அவள். ரயில் நிலையத்தில் அவள் குரலை ஊரே கேட்கிறது, ஒருவர்கூட ரசித்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை, சோர்ந்த முகத்தோடு டாக்டர் கடையில் இருந்தார். ஒரு வயதான அம்மாள் வந்து மெஷினை மேசைமேல் வைத்தார்.

"டாக்டர், இது சரியில்ல. மீட்டர் பெட்டிக்கிட்ட போனா காதுக்குள்ள உம்முனு ஒரே இரைச்சல்."

டாக்டர் வாங்கிப் பார்த்தார். "போன் பேசுறதுக்குன்னு ஒரு சுவிட்ச் இருக்கும்மா. அதத் தட்டி வச்சிருக்கீங்க. அதுல வச்சா உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் கரண்டோட காந்தத்த எல்லாம் இழுத்துக் காதுல போடும். மீட்டர், மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் எதுக்கிட்டப் போனாலும்…"

நிறுத்தினார். அந்த அம்மாள் வெகுநேரம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் மேசைமேல் இருந்ததால் தனக்குத்தான் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, எடுத்து மாட்டிக்கொண்டார்.

சாயங்காலம் ஹோட்டலில், சாப்பிடுகிறவர்கள் வருவதற்கு முன், டாக்டர் தங்கையின் காதுக்குப் பின்னால் கடையின் மாதிரி மெஷின் ஒன்றை மாட்டினார். போன் சுவிட்சைத் தட்டினார். அவளை ஆம்பை ஒட்டி நிறுத்தினார். ஆம்பின் வயிற்றில் ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, அதன் காந்தம் பெட்டியைச் சுற்றிச் சுழன்றுகொண்டிருக்கும். தங்கையின் முகம் மலர்ந்தது.

"அண்ணா! வண்டு!"

"உனக்கு மட்டும்தான் கேக்கும். கூடத்துல ஒரு ஈ கூடக் கிடையாது."

"பாக்கறவங்க எனக்குக் காது கேக்காதுன்னு நினைச்சுப்பாங்களே?"

"முடிய விட்டு மறைச்சுக்கோ."

டாக்டரும் ஒரு தடவை அதே மெஷினைத் தன் காதில் வைத்து, மானத்தை விட்டு, வண்டைப் பார்த்தே கிடாருக்குச் சுருதி சேர்த்தார். கூடம் நிறைந்தது. மேனேஜர் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். ஸ்பூன் சத்தம்தான் கேட்டது. தங்கை கண்ணை மூடினாள். பாடினாள். கிடார் வந்து சேர்ந்த இடத்தில் ஊசி நுழைய இடமில்லை. சூப் குடித்த அம்மா ஸ்பூனைக் கீழே வைத்தார்.

நாலாவது பாட்டில் உற்சாகம் தலைக்கேற, தங்கை இரண்டு கையாலும் முடியை வாரி மேலே முடிந்துகொண்டாள். மறுநொடியே 'ஐயோ' என்று கை காதுக்குப் போயிற்று. மேனேஜர் பார்த்துவிட்டார். பாட்டு முடிந்ததும் விறுவிறுவென்று மேடைக்கு வந்து மைக்கை வாங்கினார். கண்கள் கலங்கியிருந்தன.

"அன்பர்களே, இவ்வளவு அற்புதமாப் பாடுற இந்தச் சகோதரிக்குக் காது கேக்காது! இத்தனை நாளா நமக்கே தெரியாம மறைச்சிருக்காங்க!"

கூடம் 'அடடா' என்றது. கைதட்டல் எழுந்தது. தங்கை மைக்கைப் பிடுங்கினாள்.

"எனக்குக் காது நல்லாக் கேக்குதுங்க!"

"என்ன தன்னம்பிக்கை!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். கைதட்டல் இரட்டிப்பாயிற்று.

தங்கை திரும்பி அண்ணனைப் பார்த்தாள். டாக்டர் எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார். "உண்மையிலேயே அவளுக்குக் காதுல எந்தக் குறையும் இல்ல. நான் காது மெஷின் கடையில இருக்கேன், எனக்குத் தெரியும்."

"அண்ணன்னா இப்படித்தான் இருக்கணும்" என்றார் சூப் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. இப்போது எல்லாரும் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

தங்கை காதிலிருந்து மெஷினைப் பிடுங்கி அண்ணன் கையில் திணித்தாள். கண்ணை மூடினாள். எந்தத் துணையும் இல்லாமல், அடுத்த பாட்டை வெறும் குரலில் நீளமாக ஆரம்பித்துவிட்டாள்.

டாக்டருக்கு அவள் எங்கே கிளம்பியிருக்கிறாள் என்று தெரியவில்லை, கிடார் இருக்கும் இடத்தில் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. பெடலை மிதித்து ஆம்புக்குப் போகும் சத்தத்தை அடைத்தார். கிடாரின் கட்டையில் காதை அழுத்திக்கொண்டார். மறுகாதைத் தங்கையிடம் கொடுத்தார். ஒரு கம்பியைத் தட்டினார், முறுக்கினார். அவள் கொஞ்சம் நழுவினாள். இவரும் இன்னொரு முறுக்கு முறுக்கினார். மெக்கானிக் அரண்டுபோய், மாமாவின் விரலைப் பார்த்துத் தன் கம்பிகளைத் திருகினான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, தங்கையின் பாட்டில் உருகி அண்ணன் கிடாரின் தோளில் சாய்ந்து அழுவதாகத்தான் தெரிந்திருக்கும்.

அவள் கடைசி ஸ்வரத்தில் நின்றாள். டாக்டர் பெடலை விடுவித்து உள்ளே நுழைந்தார். பொருந்திற்று. முழுக்கப் பொருந்தியது என்று சொல்ல முடியாது, மேல் கம்பி ஒன்று கொஞ்சம் முகம் சுளித்தது. ஆனால் தங்கை கண்ணைத் திறந்து சிரித்தாள்.

பாட்டு முடிந்த இரைச்சலில் குனிந்து கேட்டாள். "நான் எங்க போனேன்?"

"போற இடத்தச் சொல்லிட்டுப் போக மாட்டியா? எல்லா சந்துலயும் தேடினேன்."

கூட்டம் கலைந்ததும் மேனேஜர் வந்தார். வண்டைப் பற்றிய பேச்சையே காணோம்.

"சார், வெள்ளிக்கிழமை இனிமே உங்களுக்குத்தான். சாக்ஸபோன்காரருக்கு வேணாம்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு விஷயம். அந்த மெஷின் வெளிய தெரியற மாதிரி இருக்கணும். அதப் பாத்துத்தான் ஜனங்க எழுந்து நின்னாங்க. முடியால மறைக்கக் கூடாது."

"மெஷின் வந்தா நான் வரமாட்டேன்" என்றாள் தங்கை.

"மெஷின் வரலேன்னா…" என்று மேனேஜர் காலர் பட்டனைத் தொட்டார்.

டாக்டர் தங்கையைப் பார்த்தார். கையிலிருந்த மெஷினைப் பார்த்தார்.

"அவ வேணாம் சார். நான் போட்டுக்கறேன். நிஜமாவே காது கேக்காதது எனக்குத்தான். சுவர்ல ஓடுற கரண்டுக்கு இத்தனை நாளா கிடார் வாசிச்சிருக்கேன், பக்கத்துல நின்னவ எங்க போறான்னு இன்னிக்குத்தான் கேட்டேன்."

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. கார் சாவியோடு வந்து நின்ற டாக்டரின் மனைவியைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"அது சத்தியம் சார்" என்றார் மனைவி. "எத்தனை வருஷம்னாலும் நான் வந்து சாட்சி சொல்றேன்."

மேனேஜர் இரண்டடி பின்னால் போய் நின்று, ஜன்னலுக்குத் திரை அளவெடுப்பவர்போல் டாக்டரின் தலையை இடமும் வலமும் சாய்ந்து பார்த்தார். திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"சரி, வச்சுக்கலாம். உங்களுக்கு முடியும் கம்மி. கடைசி டேபிள் வரைக்கும் நல்லாத் தெரியும்."